சன்ஷேடு: பேருல வெயில், வேலை மழைக்கு

(எபிசோடின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்கு விதை போட்டது ஒரு வாய்ஸ் நோட். அனுப்பியவர் நம்ம ரெகுலர் லிசனர். ஐடி வேலை, சென்னைப் புறநகர்ல அப்பாவோட சேர்ந்து வீடு கட்டிட்டு இருக்கார். டிசைனர் கொடுத்த 3டி படத்துல வீடு ஒரு வெள்ளைப் பெட்டி மாதிரி அழகா இருக்கு. ஒரு ஜன்னலுக்குக்கூட சன்ஷேடு கிடையாது. அப்பா ஒரே வார்த்தையில, "சன்ஷேடு இல்லாத வீட்டுக்கு நான் வரலை" என்று சொல்லிட்டார். நம்ம ஆள் கேட்கிறார்: "ப்ரோ, நல்ல யூபிவிசி ஜன்னல் போடுறோம், ஏசி இருக்கு, வெயிலுக்குக் கண்ணாடியில ஃபிலிம் ஒட்டிக்கலாம். அப்புறம் அது எதுக்கு?" லிண்டல் மட்டத்துக்குச் சுவர் வர இன்னும் மூணு வாரம்தான் இருக்காம். அதுக்குள்ள முடிவு பண்ணியாகணும்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் படிச்சது கம்ப்யூட்டர் சயின்ஸ். சிவில் பத்தி எனக்குத் தெரிஞ்சது முதல் வருஷ மெக்கானிக்ஸ், அப்புறம் முப்பது வருஷமா மேஸ்திரி வேலை பார்க்கிற என் பெரியப்பா. இந்த எபிசோடுல கணக்கு என்னோடது, சைட் விஷயங்கள் அவரோடது. உங்க வீட்டுக்கு எத்தனை கம்பி என்பதை உங்க ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்தான் சொல்லணும்.

வெயில் கணக்கு

பேரே சன்ஷேடு என்பதால வெயில்ல இருந்தே ஆரம்பிப்போம். சென்னை இருக்கிறது வடக்கே 13 டிகிரி அட்சரேகையில. ஏப்ரல் 24, 25 வாக்குலயும் ஆகஸ்ட் 18 வாக்குலயும் நண்பகல்ல சூரியன் நேரா தலைக்கு மேல நிக்கும். இந்த ரெண்டு தேதிக்கும் நடுவுல இருக்கிற நாட்கள்ல நண்பகல் சூரியன் நமக்கு வடக்குப் பக்கம் இருக்கும். ஆமா, வடக்கு. "வடக்குச் சுவர்ல வெயிலே படாது" என்பது டெல்லிக்குப் பரவாயில்ல, சென்னைக்குப் பொருந்தாது.

இப்போ ரெண்டு அடி நீட்டின ஒரு சன்ஷேடை எடுத்துக்கோங்க. தெற்கு ஜன்னலுக்கு மோசமான நாள் டிசம்பர் 22 பக்கம். அன்னைக்கு நண்பகல் சூரியன் சுமார் 53 டிகிரி உயரத்துல இருக்கும். ரெண்டு அடி சன்ஷேடு அப்போ கீழே 2.7 அடிக்கு நிழல் தரும். நாலு அடி ஜன்னல்ல பாதிக்கு மேல மறையும், மிச்சத்துல மார்கழி வெயில் உள்ள வரும். அதை யாரும் குறை சொல்லப்போறதில்ல. வடக்குல ஜூன் மாச நண்பகலுக்கு இதே ரெண்டு அடி பத்தடிக்கு மேல நிழல் தரும். ஆக வடக்கு, தெற்கு ரெண்டுக்கும் சன்ஷேடு பாஸ்.

மேற்குல கதை மாறுது. ஏப்ரல் கடைசியில சாயங்காலம் 4 மணிக்கு சூரியன் 32 டிகிரி உயரத்துலதான் இருக்கும். அப்போ ரெண்டு அடி சன்ஷேடு நிழல் தர்றது ஜன்னலோட மேல் ஒண்ணேகால் அடிக்கு மட்டும். நாலு அடி ஜன்னலை முழுசா மறைக்கணும்னா ஆறரை அடி நீட்டணும். யாரும் அதைக் கட்டப்போறதில்ல. அதுவும் 5 மணி ஆகிட்டா பத்தாது. அதனால "மேற்கு பெட்ரூம் சூட்டுக்கு சன்ஷேடைப் பெருசாக்கலாமா" என்று கேட்கிறவங்களுக்கு என் பதில்: வேண்டாம். ஜன்னலைச் சின்னதாக்குங்க, இல்லைன்னா வெளியில மூங்கில் தட்டி தொங்கவிடுங்க. கண்ணாடிக்கு உள்ள திரை போட்டா சூடு ஏற்கெனவே வீட்டுக்குள்ள வந்தாச்சு. தட்டி வெளியில இருந்தாத்தான் பிரயோஜனம். தட்டியைத் தொங்கவிடக் கொக்கி மாட்ட ஒரு இடம் வேணும் இல்லையா? அதுக்குச் சன்ஷேடு தேவைப்படும்.

நம்ம பழைய ஓட்டு வீடுகள் இதே பிரச்சனையை வேற விதமா தீர்த்துச்சு. நிழலுக்காக நீட்டுறதைவிட விளிம்பைக் கீழே இறக்கினாங்க. சாய்ந்த கூரை திண்ணையைத் தாண்டி வந்து ஆள் உயரத்துக்குக் கிட்ட முடியும். சாயங்கால வெயில் 32 டிகிரியில வந்தாலும் அந்தத் தாழ்ந்த விளிம்பு அதைத் தடுத்துடும். தாழ்வாரம் என்ற பேருலயே அந்தத் தாழ்வு இருக்கு. தாத்தா வீட்டுல குனிஞ்சு உள்ள போனவங்களுக்குப் புரியும். அந்தக் கூரை விளிம்புக்குத் தமிழ்ல இறவாணம், இறவாரம், இறப்பு என்று பல பேர் இருக்கு. பேச்சுல எரவாணம். "கத்தியை எரவாணத்துல சொருகி வெச்சேன்"னு ஊர்ல பெரியவங்க சொல்றதைக் கேட்டிருப்பீங்க. கான்கிரீட் வந்தப்போ நாம சாய்வுக் கூரையை விட்டோம், எரவாணத்தையும் விட்டோம், அந்த இடத்துல ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு சின்னத் துண்டு பலகையை வெச்சு அதுக்கு சன்ஷேடுன்னு பேர் வெச்சோம். என் சந்தேகம் என்னன்னா, பிரச்சனையே அந்தப் பேர்லதான். வெயிலுக்குத்தான் அது என்று ஆனதும், ஃபிலிமும் ஏசியும் வந்த பிறகு அது தேவையில்லாத ஃபீச்சர் மாதிரி தெரிய ஆரம்பிச்சிடுச்சு. கோடுல இந்த மாதிரி "யாரும் யூஸ் பண்ணலையே"ன்னு ஒரு ஃபங்ஷனை டெலீட் பண்ணி, புரொடக்‌ஷன்ல ராத்திரி ரெண்டு மணிக்கு அது எதுக்கு இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்ட டீம்கள் உண்டு.

மழை வேற கோணத்துல வரும்

சென்னையில வருஷத்துக்குச் சராசரியா 1400 மில்லிமீட்டர் பக்கம் மழை. அதுல பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள, வடகிழக்குப் பருவத்துல கொட்டுது. காத்தும் பெரும்பாலும் அந்தப் பக்கத்துல இருந்தே வரும். நம்ம ஊர்ல அதிகம் நனையற சுவர்கள் வடக்கும் கிழக்கும். வெயில் கணக்கை மட்டும் பார்த்து "வடக்குல வேண்டாம், செலவு மிச்சம்"னு சன்ஷேடை வெட்டுறவங்க, மழைக்கு அதிகம் தேவைப்படற இடத்துலதான் வெட்டுறாங்க.

ஒரு சின்ன இயற்பியல். ரெண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒண்ணு விழற வேகம் நொடிக்குச் சுமார் ஆறரை மீட்டர். காத்தும் அதே வேகத்துல, அதாவது மணிக்கு 23 கிலோமீட்டர் வேகத்துல அடிச்சா, மழை 45 டிகிரி சாய்ஞ்சு வரும். அது ஒண்ணும் புயல் இல்ல, பருவமழையில சாதாரணமா அடிக்கிற காத்து. அப்போ ரெண்டு அடி சன்ஷேடு கீழே ரெண்டு அடியைத்தான் காப்பாத்தும். "பாதி ஜன்னல் எப்படியும் நனையுதே, அப்புறம் எதுக்கு?"

நனையறது எந்தப் பாதி என்பதுதான் முக்கியம். ஜன்னல்ல தண்ணி உள்ள வர ரொம்பச் சுலபமான இடம் மேல் விளிம்பு. ஃபிரேமுக்கும் லிண்டலுக்கும் நடுவுல இருக்கிற அந்த இடைவெளி. அதை சிலிக்கான் வெச்சு அடைப்பாங்க. சிலிக்கான் சில வருஷத்துல சுவரை விட்டுப் பிரிய ஆரம்பிக்கலாம். கீழ் விளிம்புலயும் தண்ணி போகும், ஆனா அங்க ஸ்லைடிங் டிராக்குல தண்ணி வெளியேற ஓட்டை இருக்கு, வாட்டம் இருக்கு. மேல் விளிம்புல அப்படி எதுவும் கிடையாது. உள்ள வந்த தண்ணி நேரா பெட்ரூம் சுவர்ல இறங்கும்.

இன்னொண்ணு நிறையப் பேர் யோசிக்காதது. சுவர்ல நேரடியா படற மழை ஒரு பங்குதான். மேல் மாடியில பட்ட மழை எல்லாம் ஒரு மெல்லிய படலமா சுவர் வழியா கீழே வழிஞ்சு வரும். ரெண்டு மாடி வீடுன்னா தரைத்தள ஜன்னலோட தலையில பாரபெட்ல இருந்து இருபது அடிக்கு மேல இருக்கிற மொத்தச் சுவரோட தண்ணியும் சேர்ந்து வருது. சன்ஷேடு செய்யற பெரிய வேலை இந்தப் படலத்தை நடுவுல வெட்டி, சுவரை விட்டு வெளியில தள்ளி விடறது. அரை அடி நீட்டினாலே இந்த வேலை பெருமளவு நடக்கும்.

இதை ஒரு ஊரே காசு கொடுத்துக் கத்துக்கிச்சு. கனடாவுல வான்கூவர் பக்கம் மழை அதிகம். 1980-கள்லயும் 90-கள்லயும் அங்க நிறைய அடுக்குமாடிகள் கட்டினாங்க, வெயில் ஊர் வீடுகள் மாதிரி வழவழன்னு பூசின சுவர், கூரை விளிம்பு நீட்டல் இல்லாம. உள்ள மரச்சட்டம். பூச்சு வழியா தண்ணி உள்ள போய், காய வழியில்லாம மரம் உளுத்துப்போச்சு. வீடு வாங்கினவங்க தலையில ரிப்பேர் செலவு விழுந்து, 1998-ல டேவ் பாரெட் என்ற முன்னாள் மாகாணப் பிரதமர் தலைமையில விசாரணை ஆணையமே போட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, 1996-ல, கனடாவோட மத்திய வீட்டுவசதி நிறுவனம் அந்தக் கட்டடங்களை ஆய்வு பண்ணியிருந்துச்சு. அதுல தெரிஞ்ச விஷயம்: சுவருக்கு மேல நீட்டல் எவ்வளவு அகலமோ, அந்தச் சுவர்ல பிரச்சனை அவ்வளவு குறைவு. நம்ம வீடு செங்கல், அதனால உளுக்காது. ஆனா பெயின்ட் உப்பும், உள்பூச்சுல உப்பு பூக்கும், வருஷக் கணக்குல ஈரம் நின்னா லிண்டல் கம்பி துருப்பிடிக்கும். வேகம் குறைவு, திசை ஒண்ணுதான்.

நுனியில அரை அங்குலம்

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. சன்ஷேடு இருந்தும் சுவர் ஊறுற வீடுகள் எத்தனையோ இருக்கு. ஏன்?

ஃபில்டர் காபியை டம்ளர்ல இருந்து டபராவுக்கு ஆத்தியிருக்கீங்களா? வேகமா ஊத்தினா நேரா விழும். மெதுவா சாய்ச்சா காபி டம்ளரோட வெளிப்பக்கத்தை ஒட்டிக்கிட்டே வழிஞ்சு கையில வரும். திரவம் பரப்பை ஒட்டிக்கிட்டுப் போகப் பார்க்கும். டம்ளரோட விளிம்பை வெளியில மடிச்சு வெச்சிருக்கிறது இதைக் குறைக்கவும் உதவுது. சன்ஷேடுலயும் அதே கதைதான். மேல விழுந்த தண்ணி நுனிக்கு வரும், நுனியில கீழே விழறதுக்குப் பதிலா அடிப்பக்கத்தை ஒட்டிக்கிட்டு உள்ள நடந்து வந்து, சுவரைப் பிடிச்சு, ஜன்னல் ஃபிரேமுக்குள்ள இறங்கிடும்.

அதைத் தடுக்கத்தான் அடிப்பக்கத்துல, நுனியில இருந்து ஒரு அங்குலம் உள்ள தள்ளி, நீளவாக்குல ஒரு சின்னப் பள்ளம் விடுவாங்க. டிரிப் மோல்டு என்பாங்க. அரை அங்குல அகலம், ஏறக்குறைய அதே ஆழம். ஒட்டிக்கிட்டு வர்ற தண்ணி அந்தப் பள்ளத்தோட விளிம்புல வந்ததும் மேல ஏற முடியாம அங்கேயே சொட்டிடும். பூச்சு ஈரமா இருக்கும்போதே ஒரு அரை அங்குலக் கம்பியையோ பிவிசி பட்டையையோ அழுத்தி எடுத்தா பள்ளம் ரெடி. பொருள் செலவு ஏறக்குறைய பூஜ்யம். பெரியப்பா சொல்றது, ஒரு ஜன்னலுக்குக் கால் மணி நேரம் கூட ஆகாது. ஆனா தலைக்கு மேல பார்த்துச் செய்யற வேலை, கை வலிக்கும், யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டாங்க. அதனாலயே நிறைய இடத்துல விட்டுப்போகுது.

இந்தப் பள்ளத்துல ரெண்டு நுணுக்கம். ஒண்ணு, பக்கவாட்டுல பள்ளத்தைச் சுவர் வரைக்கும் இழுக்கக் கூடாது. ரெண்டு அங்குலம் முன்னாடி நிறுத்தணும். சுவரைத் தொட்டா அதுவே தண்ணியைச் சுவருக்குக் கூட்டிட்டுப் போற வாய்க்கால் ஆயிடும். ரெண்டாவது, பள்ளம் கூர்மையா இருக்கணும். மேஸ்திரி அழகா விட்டுட்டுப் போன பள்ளத்தை, பெயின்டர் வந்து பட்டி வெச்சு நைஸா மூடிட்டுப் போயிடுவார். அவர் மேல தப்பில்ல, அது எதுக்குன்னு அவர்கிட்ட யாரும் சொல்லலை.

மேல்பக்கத்துக்கும் ஒரு வேலை இருக்கு. சன்ஷேடு மேல்பரப்பு வெளிப்பக்கமா வாட்டம் இருக்கணும், அதாவது சரிவு. ரசமட்டத்தை வெச்சுப் பார்த்து ரொம்ப மட்டமா போட்டாலும் தண்ணி நிக்கும். சுவரும் சன்ஷேடும் சேர்ற உள்மூலையில கலவையை வளைவா வெச்சுப் பூசி, வாட்டர்புரூஃபிங் பூச்சைச் சுவர்ல ஆறு அங்குலம் ஏத்தி விடணும். அந்த மூலையிலதான் முதல் விரிசல் வரும். அகலத்துலயும் கஞ்சத்தனம் வேண்டாம். ஜன்னலோட ரெண்டு பக்கமும் குறைஞ்சது ஆறு அங்குலமாவது சன்ஷேடு தாண்டி நிக்கணும். மழை நேரா மட்டும் வர்றதில்ல.

கூரை விளிம்புல நம்ம ஊர் ஆளுங்க எவ்வளவு அக்கறை காட்டினாங்க என்பதற்கு ஒரு இடம் சொல்றேன். புதுக்கோட்டை மாவட்டத்துல ஆவுடையார்கோயில். அங்க கூரை விளிம்பான கொடுங்கையைக் கருங்கல்லுல செதுக்கியிருக்காங்க. அண்ணாந்து பார்த்தா மரக் கைமரம், குறுக்குச் சட்டம், ஆணி எல்லாம் அப்படியே கல்லுல. பழைய காலத்துச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிடுவாங்கன்னு ஒரு பேச்சு வழக்கு உண்டு. அதாவது எதை வேணாலும் செய்றேன், அதை மட்டும் கேட்காதீங்க. நம்ம ஊர் முதல் டேர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்.

கூரை விளிம்பு பத்திப் பேசும்போது பாட்காஸ்டரா எனக்கு இன்னொரு சந்தோஷம். ஒட்டுக்கேட்கிறதுக்கு இங்கிலீஷ்ல ஈவ்ஸ்டிராப்பிங் என்போம் இல்லையா? ஈவ்ஸ் என்றால் கூரை விளிம்பு. அந்த விளிம்புல இருந்து தண்ணி சொட்டுற இடம்தான் ஈவ்ஸ்டிராப். அந்தச் சொட்டு விழற இடத்துல, சுவரோரமா, நின்னு உள்ள பேசறதைக் கேட்கிறவன் ஈவ்ஸ்டிராப்பர். சரி, வேலைக்கு வருவோம்.

கம்பி எங்க இருக்கு?

இதுவரைக்கும் சொன்னது ஈரம். இப்போ சொல்லப்போறது உயிர் சம்பந்தப்பட்டது. சன்ஷேடு விழுந்து கீழே நின்னவங்க மேல கான்கிரீட் சரிஞ்ச செய்தியை மழைக்காலத்துல பார்த்திருப்பீங்க.

சன்ஷேடு ஒரு கேன்டிலீவர். ஒரு பக்கம் மட்டும் பிடிச்சிருக்கு, இன்னொரு பக்கம் காத்துல நிக்குது. ஒரு ஸ்கேலை மேசை விளிம்புல வெச்சு ஒரு முனையை அழுத்திப் பிடிச்சு, மறு முனையைக் கீழே தள்ளுங்க. மேல்பக்கம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். கான்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுத்தா சுலபமா விரிசல் விடும். இழுவையைத் தாங்கக் கம்பி வேணும். அதனால சன்ஷேடுல முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கணும், லிண்டலுக்குள்ள நல்லா மடிஞ்சு பிடிச்சிருக்கணும். அறைக்கு மேல இருக்கிற ரூஃப் ஸ்லாபுல இது நேர் எதிர், நடுவுல கம்பி கீழே இருக்கும். ஸ்லாப் கட்டியே பழகின கை, சன்ஷேடுலயும் கம்பியைக் கீழே போட்டா முடிஞ்சுது.

சரியா கட்டினாலும் ஆபத்து இருக்கு. கான்கிரீட் போடற அன்னைக்கு, சட்டியோட வர்றவங்க கம்பி மேலயே மிதிச்சு நடப்பாங்க. கம்பி கீழே அமுங்கிடும். கணக்கு பாருங்க: சுவரோரத்துல சன்ஷேடு நாலு அங்குலக் கனம், ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். மேல 20 மில்லிமீட்டர் கவர் விட்டு, 8 மில்லிமீட்டர் கம்பி வெச்சா, அடிப்பரப்புல இருந்து கம்பியோட மையம் 76 மில்லிமீட்டர் உயரத்துல இருக்கும். மிதிபட்டு அடியில போயிட்டா அது 24 ஆயிடும். பலம் மூணுல ஒரு பங்குகூட மிஞ்சாது. கம்பி அதே கம்பி, எண்ணிக்கை அதே எண்ணிக்கை, பில்லும் அதே பில். வெளியில இருந்து பார்த்தா எந்த வித்தியாசமும் தெரியாது. கம்பியைத் தூக்கிப் பிடிக்க அடியில 'சேர்' கம்பி வைக்கணும், மிதிக்காம நடக்கப் பலகை போடணும்.

சுமை எவ்வளவு தெரியுமா? ரெண்டு அடி நீட்டின சன்ஷேடுல ஒரு மீட்டர் நீளத்துக்குச் சொந்த எடை சுமார் 130 கிலோ. அது பரவலா இருக்கு, அதோட மையம் சுவர்ல இருந்து ஒரு அடியில. இப்போ 70 கிலோ பெயின்டர் ஒருத்தர் நுனியில ஏறி நின்னா, ரெண்டு அடி தூரத்துல 70 கிலோ. ஒரு ஆள் நுனியில நிக்கறதும், அந்த ஒரு மீட்டர் சன்ஷேடோட மொத்த எடையும் சுவரோரத்துல ஏறக்குறைய ஒரே வளைவு விசையைத் தரும். ஏசி அவுட்டோர் யூனிட், பூந்தொட்டி வரிசை, பழைய டயர் எல்லாம் இதே கணக்குதான். வைக்கப்போறீங்கன்னா முன்னாடியே இன்ஜினியர்கிட்ட சொல்லிடுங்க.

நீட்டலை ரெண்டு அடியில இருந்து மூணு அடியாக்கினா சுமை ஒன்றரை மடங்குதான் கூடுதுன்னு தோணும். ஆனா வளைவு விசை நீளத்தோட வர்க்கத்துல ஏறும், 2.25 மடங்கு. நுனி தொங்கறது நாலாவது அடுக்குல ஏறும், அஞ்சு மடங்கு. "அதே கம்பியில இன்னும் ஒரு அடி நீட்டிடலாம் சார்" என்று சைட்ல யாராவது சொன்னா, அங்கேயே நிறுத்துங்க.

சென்ட்ரிங் பிரிக்கறதுலயும் அவசரம் கூடாது. லிண்டலும் சன்ஷேடும் ஒரே துண்டா போடற இடத்துல, அது முன்பக்கம் கவிழாம இருக்கிறது மேல வர்ற சுவரோட எடையாலதான். மேல சுவர் எழும்பாம முட்டுக்கொடுத்த கம்பத்தை எடுத்தா, கான்கிரீட் எவ்வளவு இறுகியிருந்தாலும் மொத்தமா சாய வாய்ப்பிருக்கு. பெரியப்பா ரெண்டு வாரம் முட்டு வெப்பார், அதோட மேல சுவரையும் ஏத்தின பிறகுதான் தொடுவார்.

பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்துல இருக்கிறவங்களுக்குத் தனியா ஒண்ணு. கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456, கடலோரக் காத்துல நேரடியா நிக்கிற கான்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர் கவர் கேட்குது. சன்ஷேடோட நுனி பல வீடுகள்ல மூணு அங்குலம், 75 மில்லிமீட்டர்தான். அதுல 45 கவர் விட்டா கம்பி அடிப்பக்கத்துக்கே வந்துடும். அதனால வழக்கமான மெல்லிசு அளவை அங்க அப்படியே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது. கனத்தைக் கூட்டணும், இல்லைன்னா நீட்டலைக் குறைக்கணும். கடலோரப் பழைய வீடுகள்ல சன்ஷேடு அடி உதிர்ந்து துருப்பிடிச்ச கம்பி தெரியறதுக்கு உப்புக் காத்தோட இந்த மெல்லிசுக் கவரும் ஒரு காரணம். அப்படித் தெரிஞ்சா மேல பூசி மறைக்காதீங்க. துருப்பிடிச்ச கம்பி உப்பிக்கிட்டே இருக்கும், புதுப் பூச்சையும் சேர்த்துத் தள்ளிடும். கீழே யாரும் நிக்காம கட்டிவிட்டு இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

சரி, அந்த வெள்ளைப் பெட்டி?

நம்ம லிசனருக்கு என் பதில் இது. அப்பா சொல்ற அதே பழைய சன்ஷேடுதான் வேணும்னு இல்ல. அவர் கேட்கிற வேலை நடந்தாகணும். ஜன்னலைச் சுத்தி ஒரு அடி நீட்டின பெட்டிச் சட்டம் வெச்சா 3டி படத்தோட அழகு கெடாது. மேல்பலகை வெளிப்பக்கம் வாட்டமா, அடியில டிரிப் மோல்டோட இருக்கணும். இல்லைன்னா ஒவ்வொரு மாடி மட்டத்துலயும் வீட்டைச் சுத்தி ஒரு முழு நீளப் பட்டை. சுவர் ஒன்பது அங்குலமா இருந்தா ஜன்னல் ஃபிரேமை வெளி விளிம்புல வைக்காம உள்பக்கம் தள்ளி வைக்கலாம். அதுலயே நாலு, அஞ்சு அங்குலம் இலவசமா கிடைக்கும், ஆனா லிண்டலோட அடியிலயும் அந்தப் பள்ளம் வேணும். ஸ்டீல் ஃபிரேம்ல கண்ணாடியோ ஷீட்டோ வெச்ச கேனபி பின்னாடிகூட மாட்டலாம், சுவரோட சேர்ற இடத்துல தண்ணி பின்னால போகாதபடி தகரத்தைச் சுவருக்குள்ள செருகி அடைக்கணும்.

வடக்கு, கிழக்குச் சுவர்கள்ல இதுல எதுவுமே இல்லாம, சிலிக்கானை மட்டும் நம்பிக் கட்டாதீங்க. அதை மட்டும் நான் உறுதியா சொல்வேன். ஒரு ஆறடி சன்ஷேடுக்கு ஆகிற கான்கிரீட் மூன்றரை கன அடி. அதை இப்போ லிண்டலோட சேர்த்துப் போடறது சுலபம். வீடு முடிஞ்ச பிறகு சுவரைக் கொத்திக் கான்கிரீட் சன்ஷேடு சேர்க்கிறது வேற லெவல் தலைவலி.

இடம் குறைவான மனையில ஒரு எச்சரிக்கை. உங்க சன்ஷேடு நுனியில சொட்டுற தண்ணி உங்க மனைக்குள்ளதான் விழணும். ரெண்டு அடி சந்துல ரெண்டு அடி நீட்டினா அது பக்கத்து வீட்டுக்காரர் மண்டையில சொட்டும். அங்க ஒரு அடி போதும், மேல சொன்ன மாதிரி படலத்தை வெட்டி விடற வேலையை அது செஞ்சிடும்.

சைட்ல தினமும் நிக்க முடியாதவங்க ரெண்டு நாளைக்கு மட்டும் லீவ் போடுங்க. லிண்டல், சன்ஷேடு கான்கிரீட் போடற நாள், வெளிப்பூச்சு நடக்கிற நாள். முதல் நாள் கம்பி மேல இருக்கான்னு கான்கிரீட் விழறதுக்கு முன்னாடி போட்டோ எடுங்க, விழும்போது யாராவது மிதிக்கிறாங்களான்னு பாருங்க. ரெண்டாவது நாள் பள்ளம் விட்டிருக்கான்னு அண்ணாந்து பாருங்க. பெயின்டர் வர்றதுக்கு முன்னாடி அவருக்கும் ஒரு வார்த்தை.

ஏற்கெனவே கட்டின வீட்டுல இருக்கிறவங்க இந்த ஞாயித்துக்கிழமை ஒரு டெஸ்ட் பண்ணலாம். மொட்டை மாடியில இருந்தோ மேல் ஜன்னல்ல இருந்தோ சன்ஷேடு மேல ரெண்டு மக் தண்ணி மெதுவா ஊத்தச் சொல்லிட்டு, நீங்க கீழே கொஞ்சம் தள்ளி நின்னு அடிப்பக்கத்தைப் பாருங்க. நுனியில சொட்டினா சரி. அடியை ஒட்டிக்கிட்டுச் சுவருக்கு வந்துச்சுன்னா, பள்ளம் இல்ல, இல்லைன்னா பட்டியில மூடியிருக்கு. மூடியிருந்தா சுரண்டி எடுக்கலாம். இல்லவே இல்லைன்னா அலுமினியத்துலயோ பிவிசியிலயோ 'எல்' வடிவப் பட்டையை நுனி அடியில ஒட்டி, ஒரு கால் கீழே தொங்கற மாதிரி விட்டா அதே வேலை நடக்கும். அக்டோபர் வர்றதுக்குள்ள பண்ணிடுங்க. என்ன ஆச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க, வீடியோ எடுத்தா இன்னும் சந்தோஷம்.

அடுத்த வாரம் மொட்டை மாடி வெள்ளை பெயின்ட் பத்திப் பேசலாம். பார்க்கலாம் மக்களே.